அளவெடுக்காமல் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

‘தெரியாது’ என்று சொல்லும் பழக்கம் இருபத்தெட்டு வயது வரை எனக்குக் கிடையாது. யாராவது வழி கேட்டால், கேள்விப்படாத ஊருக்கும் லெஃப்ட், ரைட் எல்லாம் சொல்லி அனுப்பிவைப்பேன். (போய்ச் சேர்ந்தார்களா என்று இன்றுவரை தகவல் இல்லை.)

அந்த வாயோடுதான் பிள்ளைப்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் கௌசல்யா. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் தனியாகப் பேசச் சொன்னார்கள். ஷிஃப்ட், சம்பளம், குடிப்பழக்கம் என எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டதோ வேறு.

“எனக்கு கார் ரேஸ் கேம்னா உயிருங்க. ஆனா என் லேப்டாப்புல திக்கித் திக்கித்தான் ஓடுது. அதுல கிராபிக்ஸ் மட்டும் மாத்த முடியுமா?”

நான் வேலை பார்ப்பது கார் டேஷ்போர்டு மாட்டும் லைனில். அங்கே எதையும் கழற்றலாம், எதையும் மாட்டலாம். மாடல் மாறினால் பார்ட் மாறும், அவ்வளவுதான். உலகமே அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைத் திறந்து பார்த்ததே கிடையாது.

“கிராபிக்ஸ் கார்டை மாத்துனா பறக்கும்ங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து மாத்தித் தரேன்” என்றேன்.

கீழே வந்ததும் அவள் அப்பா, “பொண்ணு ஞாயித்துக்கிழம முடிவு சொல்லும் தம்பி” என்றார். ஏற்கெனவே மூன்று வீட்டில் ‘யோசிச்சு சொல்றோம்’ என்றவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னோடு லைனில் நிற்கும் குமார், தன் பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வைத்திருந்தான்.

“இன்னா மச்சி, லேப்டாப்புக்கா? உள்ள போவுமாடா?”

“எல்லாம் போவும், நீ குடு.”

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தது. கூடத்தில் குடும்பமே சுற்றி உட்கார, லேப்டாப்பைக் கவிழ்த்தேன். லைன் வழக்கப்படி ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தாளில் நம்பர் போட்டு வரிசையாக வைத்தேன். மொத்தம் பதினொன்று.

“கை வேல சுத்தமாத்தான் கீது” என்று அவள் அப்பா பாராட்டினார். (அப்போதே எழுந்து பஸ் ஏறியிருக்க வேண்டும்.)

பையில் இருந்து கார்டை எடுத்தேன். இரண்டு ஃபேன், செங்கல் கனம். லேப்டாப்பைவிட இரண்டு மடங்கு தடிமன்.

“தம்பி, இது எப்படிப்பா அதுக்குள்ள போவும்?” என்றார் அவள் அம்மா.

“உள்ள எடம் இருக்கும்மா.”

மூடியைத் திறந்தேன். இடமா! எறும்பு கால் நீட்டிப் படுக்க முடியாது. கார்டை நீளவாக்கில் வைத்தேன், குறுக்கே வைத்தேன். “நிக்க வெச்சுப் பாரேன்” என்று அவள் அப்பா உதவிக்கு வந்தார். நிற்கவும் வைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

‘பார்ட் ராங் சப்ளை’ என்று குமார்மேல் பழியைப் போட வாய்வரை வந்துவிட்டது. கௌசல்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனோ முடியவில்லை.

“எனக்குத் தெரியலைங்க. லேப்டாப்பத் தொறக்கறதே இதான் மொத தடவ. சும்மா பீலா வுட்டுட்டேன்.”

போச்சு, நாலாவது வீடும் போச்சு என்று கார்டைப் பைக்குள் திணித்தேன்.

“இதுல கிராபிக்ஸ் ப்ராசசருக்குள்ளயே இருக்குங்க. தனியா மாத்த முடியாதுன்னுதான் நானும் படிச்சேன். நீங்க பேசின தோரணையில, நான் படிச்சதுதான் தப்போன்னு ஆயிடுச்சு!” என்று சிரித்த கௌசல்யா, உள்ளே போய் விரல் நீளத்தில் ஒரு ராம் மெமரி எடுத்துவந்தாள். “இந்த மாதிரி இன்னொண்ணு போட்டா கொஞ்சம் தேவலாமாம். வாங்கி வெச்சேன், தொறக்கத்தான் பயமா இருந்துச்சு.”

அதைச் செருகி, பதினோரு ஸ்க்ரூவையும் மாட்டினேன். செட்டிங்ஸைக் குறைத்து வைத்துக் கேமை ஓட்டினாள். பறக்கவில்லை. ஆனால் திக்கவும் இல்லை.

திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே, “அம்மா, இவரையே பேசி முடிச்சிடுங்க” என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் சவடால் விட்டாலும், “கார்டு வாங்கியாச்சா?” என்பார்கள். எந்த விசேஷத்திலும் எனக்கு விடுதலை இல்லை. போன மாதம்தான் கடவுள் கண் திறந்தார். மாமனார் ஒரு ஸ்டீல் பீரோ வாங்கி வந்தார். அது அறை வாசலில் நுழையவில்லை. நீளவாக்கில் பார்த்தார், குறுக்கே பார்த்தார். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் மெதுவாகப் பக்கத்தில் போனேன்.

“தெரியலைன்னு சொல்லிடுங்க மாமா. எனக்குப் பொண்ணே கெடச்சிது.”