சோறு வெரி மச்

பொள்ளாச்சியில் மாமியாரின் முழங்கால் ஆபரேஷனுக்குத் துணையிருக்கும் அக்கா மகள் சௌபாக்கியவதி ஆனந்திக்கு, உன் ஹோம்ஸ்டேயின் தற்காலிக மேனேஜரும் உன் ஒரே தாய்மாமனுமான கோவிந்தாபுரம் காளிச்சாமி ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும், சமையல்கார பூமாரியும், மலைமேல் இந்த மாட்டுப்பட்டிக் குளிரும் சௌக்கியம். அங்கே சம்பந்தியம்மாவின் பழைய முழங்காலும் புது முழங்காலும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன்.

போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நீ நடுநடுவே “ஐயோ மாமா” என்பாய், கதை ஓடாது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. கேரட் லோடு ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி வரும் சோலையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கொச்சி ஏஜென்சிக்காரர்கள் பரிசோதனைக்கு அனுப்பும் வெள்ளைக்கார ஜோடி நல்லபடியாகச் சொன்னால்தான் இனி ஆள் அனுப்புவார்கள், இல்லாவிட்டால் போர்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் எஸ்டேட் ஆபீஸ் வேலைக்கே போக வேண்டியதுதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறினாயே, அதை நான் மறக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்: இந்த இங்கிலீஷ் ஒன்று என்னிடம் தோற்க வேண்டும், அல்லது நான் பொள்ளாச்சிப் பக்கம் முகம் காட்டக் கூடாது. எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் ஊன்றிப் படித்தவன் நான். அந்த வகுப்பை அவ்வளவு ஆழமாகப் படித்தவர் கொல்லங்கோடு வட்டாரத்திலேயே கிடையாது. பாலக்காடு ரயில்வே ஸ்டேஷனில் ஒரு துரையோடு அரைமணி நேரம் இங்கிலீஷில் பேசியவனும் நானே. அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை என்றால் அது என் வேகத்தினால்.

நீ சொல்லிக்கொடுத்தபடியே, எண்ணக்கூடியதற்கு மெனி, ஃபியூ; எண்ண முடியாததற்கு மச், லிட்டில் என்று மனப்பாடம் செய்தேன். டேம் ரோட்டில் நடந்துகொண்டே பண்ணை மாடுகளைப் பார்த்து “ஹவ் மெனி கௌ, ஹவ் மச் மில்க்” என்று சத்தமாகப் படித்தேன். மாடுகள் கவனித்தன, டூரிஸ்டுகள்தான் கலைந்து போனார்கள். ஆனால் அம்முணி, இந்தச் சட்டத்தை எழுதியவன் ஒரு நாள்கூட வேலை செய்தவனாக இருக்க மாட்டான். லக்கேஜை எண்ண முடியாதாமே? அன்றைக்கு அவர்களுடைய பெட்டிகளை ஜீப்பிலிருந்து மேட்டுக்கு ஏற்றினேன். என் இடுப்பு ஒவ்வொன்றாக எண்ணியது. தலைமுடியை எண்ண முடியாதாம். என் தலைக்கு வரச் சொல், டீ ஆறுவதற்குள் எண்ணிக் கொடுக்கிறேன். அட்வைஸை எண்ண முடியாது என்கிறார்களே, அது மட்டும் நியாயம். உன் அத்தையோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் அதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டேவிட் துரையும் ஹெலன் அம்மாவும் வந்து இறங்கினார்கள். எது எண்ணக்கூடியது, எது கூடாதது என்று அந்த நேரத்தில் நின்று யோசித்தால் மரியாதையாக இருக்குமா? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எதைக் கேட்டாலும் இரண்டு விதமாகவும் கேட்டுவிடுவது. சரியானதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், தப்பை விட்டுவிடட்டும். “ஹவ் மெனி டீ? ஹவ் மச் டீ?” என்றேன். துரை அந்தம்மாவைப் பார்த்தார், அந்தம்மா துரையைப் பார்த்தது. பிறகு துரை, “டூ... அண்டு டூ?” என்றார். ஆளுக்கு இரண்டு கிளாஸ் கொண்டுபோய் வைத்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். மரியாதை தெரிந்த குடும்பம்.

சோதனை ராத்திரிச் சாப்பாட்டில்தான் வந்தது. நீ சொன்னபடி பூமாரி சோறும் கோழிக்குழம்பும் வைத்திருந்தாள். ருசி அப்படி அமைந்துபோனது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது என்றால் பார்த்துக்கொள். வெள்ளைக்காரர்கள் காக்காய் போலக் கொத்துவார்கள் என்று அளவாக வடித்திருக்கிறாள். துரையோ நடவு முடித்து வந்த ஆள்போலச் சாப்பிட்டார். சட்டியைச் சுரண்டியாகிவிட்டது. அப்போது அவர் தட்டை நீட்டி, இன்னும் சோறு இருக்கிறதா என்று கேட்டார். நான் அடுக்களையைப் பார்த்தேன்.

“சோறு நெறஞ்சிருக்குன்னு சொல்லுங்கண்ணே,” என்றாள் பூமாரி.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த வீடு. தீர்ந்துபோனதைத் தீர்ந்துவிட்டது என்று நம் வாயால் சொல்லலாமா? நிறைந்திருக்கிறது என்றுதானே சொல்வோம்? பூமாரியின் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளிலும் அதே வழக்கம்தான். நானும் அப்படியே இங்கிலீஷில் போட்டேன். “ரைஸ் வெரி மச், சார்!”

துரையின் முகம் மலர்ந்தது. தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். தட்டு நீட்டியபடியே இருந்தது.

“மச்?” என்றார்.

“மச், சார்.”

குழம்பு இருக்கிறதா என்று அந்தம்மா கேட்டது. அதுவும் வெரி மச். பால்? டூ மச். குளிக்க வெந்நீர்? கேஸும் அந்நேரம் பார்த்துத்தான் நிறைந்துபோயிருந்தது. வேறு சிலிண்டரும் கிடையாது. ஆகையால் அதுவும் மச். எதைக் கேட்டாலும் மச்; மேஜைமேல் எதுவும் வரவில்லை. துரை தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அப்போதுதான், அம்முணி, உன் போர்டு கழன்று கீழே விழுவது போல ஒரு சத்தம் என் காதில் கேட்டது. உள்ளே ஓடினேன்.

“எண்ணே, ‘நோ’ன்னு ஒத்தச் சொல்லு சொல்லிட்டா முடிஞ்சிரும்லா? பாவம், அந்த மனுசன் பிச்சைக்கு உக்காந்தாப்புல உக்காந்திருக்காரு!”

“ஏம்புள்ள, நீயே சொல்றது? வெளக்கு எரியுதுல்ல! என்ற அக்கா புள்ள புதுசாக் கட்டுன ஊட்ல நா போயி இல்லைம்பனா?”

“அப்ப நான் சொல்லுதேன்.”

“சொல்லு பாக்கலாம்.”

பூமாரி வாசல்படி வரை வீரமாகப் போனாள். விளக்கைப் பார்த்தாள். கழுத்தில் கிடக்கும் தாலியைத் தொட்டுப் பார்த்தாள். “சோறு... மச்சு சார்,” என்று சொல்லிவிட்டு என்னைவிட வேகமாக உள்ளே வந்துவிட்டாள்.

கடைசியில் ஹெலன் அம்மா எழுந்து நேராக அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டது. கவிழ்ந்து கிடந்த சட்டியைப் பார்த்தது, சட்டியைக் காட்டி “மச்?” என்று கேட்டது. நானும் பூமாரியும் ஒரே குரலில் “மச்” என்றோம். அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் துரையும் தட்டோடு ஓடி வந்தார். பிறகென்ன, நான் வெளியே மூன்று கல் கூட்டி விறகடுப்பு மூட்டினேன். மழைத் தூறலில் துரை குடை பிடித்தார். பூமாரி உலை வைத்தாள். அந்தம்மா முட்டை உடைத்தது. நால்வரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் புலியைத் தனியாக விரட்டிய கதையை இங்கிலீஷில் சொன்னேன். புலியாக நடித்தவர் துரைதான்.

காலையில் கிளம்பும்போது அந்தம்மா பூமாரியைக் கட்டிக்கொண்டது. உலகமெல்லாம் சுற்றியிருக்கிறோம், இப்படி ஒரு ராத்திரி கிடைத்ததில்லை என்று துரை ஏஜென்சிக்குப் போனிலேயே சொன்னார். என் காதால் கேட்டேன். ஆகவே உன் போர்டு நின்றது. இங்கிலீஷ் தோற்றது. நீ ஒன்றுக்கும் கவலைப்படாமல் இன்னும் ஒரு மாதம் இருந்து சம்பந்தியம்மாவை மாடிப்படி ஏற வைத்துவிட்டு மெதுவாக வா. இங்கே எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஓடி வருவதற்கு இங்கே அவசரம் எதுவுமில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உன் வீட்டு அடுப்பு ஒருநாளும் ஆறாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
கோ. காளிச்சாமி, மேனேஜர்

பின்குறிப்பு: சோலை லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டான், அவசரமாக எழுதுகிறேன். சற்று முன் விளக்கு வைத்த கையோடு ஏஜென்சி ஜின்சன் கூப்பிட்டான். “சேட்டா, கெஸ்டுக்குப் பயங்கர சந்தோஷம். வர்ற சனிக்கிழமை ஒரு பஸ் ஆளு உண்டு. அவிட ரூம் போதுமா?” என்றான். நம்முடைய இரண்டு ரூமையும் பார்த்தேன், விளக்கையும் பார்த்தேன். ரூம் எண்ணக்கூடியதாயிற்றே, அதனால் இலக்கணத்தில் ஒரு பிழையும் விடாமல் “ரூம்ஸ் வெரி மெனி” என்று சொல்லிவிட்டேன். பஸ் உறுதியாகிவிட்டது. இந்தக் கடிதம் கண்டவுடன், சம்பந்தியம்மாவை யாரிடமாவது விட்டுவிட்டு, கிடைக்கிற பாய் தலையணையோடு நீயும் மாப்பிள்ளையும் உடனே கிளம்பி வரவும். பூமாரியிடம், சனிக்கிழமை சமையலுக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். “ஆளு நெறஞ்சிருக்குண்ணே,” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள்.