நடுக்கதைக்காரர்

நடுக்கதைக்காரர் என்றோர் இனம் உண்டு. காலையில் முழுசாக இருந்த பூந்தொட்டியையும் மாலையில் உடைந்து கிடக்கும் பூந்தொட்டியையும் அவருக்குக் காட்டுங்கள். நடுவில் யார் வந்தார், எந்தக் காலால் இடறினார், இடறிய பிறகு யாரைத் திரும்பிப் பார்த்தார் என்பது வரைக்கும் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிவிடுவார். பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்யருக்கு, தான் பார்க்கவில்லை என்பதாவது தெரியும்.

இந்த இனம் எங்கும் வளரும். ஆனாலும் நன்றாகக் கொழுத்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். நான் அங்கே மாதிரிகளை உறையவைக்கும் டெக்னீஷியன். எங்கள் பேராசிரியருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'கதைவசனம்'.

அவருடைய பிழைப்பே ஒரு வாசல்தான். நரம்பு செல்லின் சவ்வில் ஐந்து துண்டுகள் வட்டமாகக் கூடி நிற்கும் ஒரு புரதம். ஒரு சின்ன வேதிப்பொருள் (நாங்கள் மருந்து என்போம்) வந்து அதன் தோளில் உட்கார்ந்தால், நடுவிலுள்ள துளை கண் இமைப்பதற்குள் திறந்து உப்பின் அயனிகள் உள்ளே பாயும். அது திறப்பதை யாரும் நேரில் பார்த்ததில்லை. உறையவைத்துப் படம் எடுப்பதோடு சரி. கதைவசனத்திடம் அப்படி இரண்டு படங்கள் இருந்தன: மருந்து இல்லாமல் ஒன்று, மருந்தோடு ஒன்று. இரண்டு போதாதா?

"மொதல்ல மேல இருக்கற மூடி மடங்கும்," என்பார், கைகளைக் குவித்து. "அப்புறம் தோள் முழுக்க ஒரு திருகு. அந்தத் திருகு அப்படியே கீழ எறங்கும். கீழ இருக்கற அஞ்சு கம்பியும் வெளிப்பக்கமா சாயும். பாத்தீங்களா, தொறந்துடுச்சு!"

மாநாட்டில் செய்வார். லிஃப்டில் செய்வார். வீட்டில் மனைவி, மச்சினர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று ஐவரையும் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நிறுத்தி, மச்சினர் தோளில் ஓர் எலுமிச்சம்பழத்தை மருந்தாக உட்காரவைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் திருகிச் சாயச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவியே என்னிடம் சொன்னார்: "இவரு திருகச் சொன்னாரு, அம்மாவும் திருகினாங்க. மூணு நாளா நிமிர முடியல."

மூன்று வருடமாக அந்த இரண்டாவது படத்தையே தெளிவாக்கிக்கொண்டிருந்த ஆய்வு மாணவி, ஒருநாள் துளையை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். நடுவில் அகலம். அடியில் ஓர் அயனி நுழையக்கூட இடமில்லை.

"சார், இது தொறந்த வாசல் இல்ல சார். தொறந்து மறுபடி மூடிக்கிட்டது. மருந்து ஒக்காந்தே இருந்தா அது சலிச்சுப் போய்த் தானா அடைச்சுக்கும். நாம பத்து செகண்ட் கழிச்சுதானே உறைய வெக்கிறோம்?"

பத்து நொடி என்பது உண்மை. மருந்தை விட்டு, மிச்சத் துளியைத் தாளில் ஒற்றியெடுத்து, உறையவைக்கும் கை என்னுடையது. ஆக, ஒன்பது வருடமாக ஊர் ஊராகப் போய் அவர் திறந்து காட்டிய வாசல், படம் எடுத்த நேரத்தில் அடைத்துத்தான் கிடந்திருக்கிறது.

"நீ அடியில மட்டும் பாக்கறம்மா," என்றார் கதைவசனம். "திருகைப் பாரு."

இதில் சிரிக்க முடியாத சங்கதி ஒன்று உண்டு. அடுத்த மாதம் முதல் தேதி அவள் புது வேலையில் சேர வேண்டும். பட்டம் இருந்தால்தான் வேலை. அவர் கையெழுத்து விழுந்தால்தான் பட்டம். 'திறந்த நிலை' என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே கையெழுத்து. அவளோ 'சலித்து மூடிய நிலை' என்று எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை பத்து நாற்பதுக்கு ஆய்வேட்டோடு அவர் அறைக்குள் போனாள். கதவு மூடியது. நான் வெளியே திரவ நைட்ரஜன் குடுவையை நிரப்பிக்கொண்டிருந்தேன். பதினொன்றேகாலுக்குக் கதவு திறந்தது. அவள் கண் சிவந்திருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆய்வேட்டில் 'சலித்து மூடிய நிலை' ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தது.

"உள்ள என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணே. போட்டுட்டாரு."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு முழுக்கத் தெரியும், இல்லையா? அவள் உடைந்து அழுததும், அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றதும், அந்தப் பழைய படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டுக் குரல் கம்ம "நீ சொல்றதுதாம்மா சரி" என்றதும்? அடடா, எவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறீர்கள்!

ஒரே ஒரு சந்தேகம். அந்த அறையில் இரண்டு நாற்காலிகள்தான் உண்டு. நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?