ரெண்டாங்கதவு மேடமும் என் கட்டம்போட்ட கைலியும்

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமும் சரி, இந்தப் பக்கமும் சரி, ஒரு விதியை இவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றிய பிறவியை நான் பார்த்ததில்லை. அந்த விதியிலிருந்து விலக்கு கொடுங்கள் என்று கமிட்டியின் உயிரை எடுத்த பிறவியும் அதேதான். சிதம்பரத்தில் நான் ஃபீல்ட் அசிஸ்டெண்டாகக் குப்பை கொட்டிய நெல் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பெயர் ரெண்டாங்கதவு மேடம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

மேடம் ஜீனைத் திருத்தி, உப்புத் தண்ணீரைத் தாங்கும் நெல் வளர்த்தார். வளர்த்த இடம் வலையடித்த கூண்டு. எங்கள் வாயில் நெட் ஹவுஸ். அதற்கு இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்தாமல் இரண்டாவதைத் திறக்கக் கூடாது, ஒரு விதைகூட வெளியே போய்விடக் கூடாது என்பது பயோசேஃப்டி கமிட்டியின் விதி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடமோ ஒல்லிப்பிச்சான்களுக்கென்றே கட்டியது. நானோ கடலூர்க்காரன், மீன் குழம்பில் வளர்ந்த உடம்பு. மூச்சைப் பிடித்து நின்றால்தான் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும். "இன்னும் கொஞ்சம் வயித்த உள்ள இழுப்பா" என்பார் மேடம். சிரிக்கவும் மாட்டார்.

ஒருநாள் கீரப்பாளையத்தில் மச்சான் கல்யாணம். பந்தியில் ஒரு பிடி பிடித்துவிட்டு அப்படியே டியூட்டிக்கு வந்தேன். மேடம் என் தலையையே பார்த்தார்.

"இன்னாப்பா அது தலையில?"

"அட்சதை மேடம்."

"போய்த் தலைக்கு ஊத்திக்கிட்டு வா."

"அது அரிசி மேடம். முளைக்காது."

"முளைக்காதுன்னு எனக்குத் தெரியும். கமிட்டிக்காரங்க பாக்கறப்போ உள்ள ஒரு அரிசி கெடந்தா, எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீ பதில் சொல்லுவியா?"

மச்சான் கல்யாணத்தன்று பம்புசெட்டில் நின்று அட்சதையைக் கழுவிய மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். என் பெண்டாட்டி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்படிப்பட்டவர் விலக்கு கேட்டதுதான் கூத்து. அரசாங்கம் புதிதாக ஒரு வழி விட்டிருந்தது. நெல்லின் சொந்த ஜீனைத்தான் திருத்தினோம், திருத்துவதற்காக உள்ளே விட்ட வெளி ஜீன் பயிரில் துளியும் தங்கவில்லை என்று நிரூபித்தால் கூண்டிலிருந்து விடுதலை. வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. மேடத்துக்கோ வருகிற தையோடு ரிட்டயர்மெண்ட். இந்த ஆவணிக்குள் விலக்கு கிடைத்தால் சம்பாவுக்குக் குமராட்சியில் நடலாம். ஆற்றில் கடல் தண்ணீர் ஏறி, அங்கே சில வயல்கள் உப்புப் பூத்துக் கிடந்தன. கிடைக்காவிட்டால் அவர் வீட்டுக்கு, நெல் குளிர்பெட்டிக்கு. அப்புறம் அதை யாரும் சீந்த மாட்டார்கள்.

கமிட்டி கூடும் நாளும் வந்தது. வெளியூர் நிபுணர் ஒருவர் தலையாட்டினால்தான் காரியம் நடக்கும். மனிதர் டை எல்லாம் கட்டி, டைரக்டர் புடைசூழ, முதலில் நெட் ஹவுஸைப் பார்க்க வந்தார். வழியில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் காரை நிறுத்தி, அவசரத்துக்குக் கொல்லையோரம் ஒதுங்கியிருக்கிறார். பேண்ட் முழுக்க ஒட்டிக்கொண்ட நாயுருவி முள்விதை.

மேடம் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "சார், இதோட உள்ள வர முடியாது. பேண்ட்ட மாத்திக்கணும்."

டைரக்டருக்கு முகம் செத்துவிட்டது. "மேடம், இன்னிக்கு ஒருநாள் விட்டுடுங்களேன்."

"போறப்போ இவரு பேண்ட்டுல எது நாயுருவி, எது என் நெல்லுன்னு யாரு சார் பாக்கறது?"

சேற்றில் இறங்க நான் வைத்திருந்த துவைத்த கைலி ஒன்றுதான் கைவசம் இருந்தது. பச்சைக் கட்டம். நிபுணர் அதை வாங்கிக் கட்டிக்கொண்டார். மேலே டை, கீழே கைலி. அந்தக் கோலத்திலேயே கூண்டைச் சுற்றிப் பார்த்து, அந்தக் கோலத்திலேயே மீட்டிங் மேஜையிலும் போய் உட்கார்ந்தார். தாம்பாளத்தில் டீயை வைத்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். சனியன் பிடித்த நாயுருவி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நிபுணர் டெஸ்ட் ரிசல்ட்டைப் புரட்டினார். "வெளி ஜீன் இல்ல, சரி. ஆனா ஆரம்பத்துல வெளி ஜீன் இருந்த செடியும் இதே கூண்டுலதான வளர்ந்துச்சு? அதோட மகரந்தம் இதுல கலக்கலன்னு என்ன நிச்சயம்?"

"கதிருக்குக் கதிர் பை மாட்டியிருக்கோம் சார். அதுவும் போதாதுன்னுதான் ஒவ்வொரு செடியையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணியிருக்கு."

அவர் மேடத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, கட்டியிருந்த கைலியைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நாயுருவிக்கே என் பேண்ட்ட வாங்கி வச்சுட்டாங்க இந்த அம்மா. இவங்க கூண்டுல கலப்பு நடந்திருக்கும்னு எழுத எனக்குத் துணிச்சல் இல்லப்பா. விலக்கு குடுத்துடலாம்."

புரட்டாசியில் குமராட்சியில் நடவு. அதே மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று, நடுகிற பெண்களோடு வாயடித்துக்கொண்டிருந்தார். தை பிறந்தது. பக்கத்து வயலெல்லாம் மஞ்சளடித்துப் பதராகி நிற்க, மேடத்தின் வயல் மட்டும் கதிர் கனத்துச் சாய்ந்தது. வரப்பில் நின்று ஒரு கதிரை உருவிக் கையில் வைத்துப் பார்த்தார். "நிக்குதுப்பா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேடம் ரிட்டயராகிப் போய்விட்டார். இப்போதும் குமராட்சிக்கு மினிபஸ்ஸில் போனால், அந்த வயல் தாண்டுகிற வரை ஜன்னலோர சீட்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.