துணியில்லாக் கரையில் பரகிராப் அண்ணை

ஜெர்மனியின் சட்டத்தை ஜெர்மன்காரனுக்கே படிப்பிக்கக்கூடிய ஒரே தமிழன் எங்கள் பரகிராப் அண்ணைதான். பெருமையில் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

டோர்ட்மண்டில் எங்கள் மேல்மாடியில் இருந்தார். எதைக் கேட்டாலும் இன்ன சட்டம், அதில் இன்ன பரகிராப், அதாவது இன்ன பிரிவு என்று தொடங்குவதால் அந்தப் பெயர். ஈ காக்கை இல்லாத தெருவில் சிவப்பு விளக்குக்காக என் கையைப் பிடித்து நிறுத்தி, கண் முன்னாலேயே பஸ்ஸைத் தவறவிட வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வாணி மிளகு இடித்ததற்குக் கதவைத் தட்டி, "தங்கச்சி, இண்டைக்கு ஓய்வுநாள். சத்தம் போடேலாது" என்றார். அதே மிளகில் வைத்த ரசத்தை மட்டும் இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வாணிக்கு எட்டு மாதம். ஏரிக்கரைக்குப் புறப்பட்டோம். முழுக்கைச் சட்டையும் டையுமாக அண்ணையும் காரில் ஏறிக்கொண்டார். கரையில் சிறிது நடந்ததுமே வாணிக்குத் தலை சுற்றியது. கண்ணில் பட்ட ஒரே மரநிழலில் அவளைப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சுற்றிவர ஒருவர் உடம்பிலும் ஒட்டுத்துணி இல்லை.

மூக்குக் கண்ணாடி மட்டும் அணிந்த ஒரு பெரியவர் வந்து, இது உடுப்பில்லாதோர் பகுதி, ஒன்றில் கழற்றுங்கள், அல்லது அந்தக் கம்பத்துக்கு அப்பால் போங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். கம்பமோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் நின்றது.

அண்ணை அறிவிப்புப் பலகையை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்மேல் பாய்ந்தார். "அவர் சொல்லுறது சரி தம்பி! உடுப்போடை வந்து நிண்டு மற்றவையைப் பாக்கிறது எவ்வளவு பிழை!"

"அவளாலை ஒரு அடி வைக்க ஏலாது அண்ணை! நீங்கள் ஆரின்ரை பக்கம்?"

"நான் சட்டத்தின்ரை பக்கம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை டையோடு ஏரியில் தள்ளியிருப்பேன். அதற்குள் அவர் பெரியவரிடம் போய் ஏதோ கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார். டையை அவிழ்த்து மடித்து வைத்தார். பிறகு சட்டை. பிறகு சப்பாத்து.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"தங்கச்சி எழும்புமட்டும் இருக்கலாமாம். எண்டாலும் எங்களிலை ஒராளாவது விதியை மதிக்கோணும்."

"அந்தாள் அப்பிடிக் கேட்டதோ?"

"இல்லை. நான்தான் சொன்னனான். நீர் மனுசியைப் பாரும்."

மிச்ச உடுப்பையும் களைந்துவிட்டு, நிழலுக்கு வெளியே, எங்களுக்கு முதுகு காட்டிச் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். வாணி தண்ணீர் குடித்து, தெளிந்து, எழுந்து நடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

திரும்பும்போது வெயிலில் வெந்த முதுகைச் சீட்டில் சாய்க்க முடியாமல் முன்னால் குனிந்தபடி இருந்தார். மனம் இளகி நன்றி சொல்ல வாயெடுத்தேன். "தம்பி, இதிலை ஐம்பதுதான் ஓடலாம்" என்றார். கத்தினேன். கத்திக்கொண்டே வேகத்தைக் குறைத்தேன்.

இப்போதும் வெறும் தெருவில் சிவப்பு விளக்கைக் கண்டால் அவரைத் திட்டிக்கொண்டேதான் நிற்கிறேன். கையைப் பிடிக்க அவர் பக்கத்தில் இல்லையே என்றிருக்கிறது.