கிராங்குக்குப் பத்துப் பொருத்தம்

2014-ஆம் வருஷம் இராஜாக்கமங்கலத்தில் மீனைவிடச் சூடாக விலைபோனது பொருத்தம்தான். மனுஷருக்குப் பார்க்கிற பொருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிளுக்கு!

சைக்கிளோகிராஸ் என்று ஒரு பந்தயம். சேறு, மணல், வரப்பு என்று பாராமல் ஓட்டி, ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மோகம். சேற்றில் முதலில் கெடுவது சைக்கிளின் அடிவயிறு. அதாவது, பெடல்களைத் தாங்கும் கிராங்கும், அது சுழல்வதற்கு அடியில் மாட்டியிருக்கும் ‘பாட்டம் பிராக்கெட்’ என்கிற பி.பி.யும். எல்லா கிராங்கும் எல்லா பி.பி.க்கும் சேராது. அதனால் நாகர்கோவில் மெக்கானிக் மத்தியாஸ் நல்லெண்ணத்தோடு கடையில் ஒரு பலகை மாட்டினார்: ‘கிராங்க், பி.பி. பொருத்தம் பார்த்தே வாங்கவும்.’

அளவு என்று எழுதியிருந்தால் ஸ்கேலைத் தேடியிருப்பார்கள். பொருத்தம் என்று எழுதிவிட்டாரே, பாவம்! ஜனங்கள் ஜோசியரைத் தேடினார்கள். தேடினால் முளைக்காமலா இருப்பார்?

முளைத்தார் சக்கரச் சாமி. தென்னந்தோப்பில் ஓலைக் கொட்டகை, காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சத்தோடு ஒரு பழைய செயின். பில் போட்ட தேதிதான் பிறந்த தேதி. கிராங்க் பெண், பி.பி. மாப்பிள்ளை. “ரஜ்ஜுன்னா கயிறு மக்களே! சைக்கிளுக்குக் கயிறு எது? செயின்! ரஜ்ஜு தட்டிச்சுன்னா ஓட்டுகவன் உசுரு தங்காது” என்பார். என்ன ஆராய்ச்சி! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தோஷம் பிடித்த கிராங்கைச் சாமியே வாங்கி, கடலில் கரைத்துவிடுவார். இரும்பு எப்படிக் கரையும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சாமிக்குத்தம் ஆகிவிடுமல்லவா?

தோவாளைப் பூ வியாபாரி சுயம்புலிங்கமும் மகள் ரேஷ்மியை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை பந்தயம். முதல் மூன்று பேருக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட்டு. ரேஷ்மிக்கு வேறு வழி கிடையாது, மார்க்கும் கிடையாது. புதுக் கிராங்கும் பி.பி.யும் மத்தியாஸிடம் அளந்து வாங்கியிருந்தாள். ஆனால் அப்பா மாட்ட விடவில்லை. “ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கேன் மக்களே, ஒருக்கா கேட்டுட்டு மாட்டுவோம்” என்று கெஞ்சினார்.

சாமி பில்லைப் பார்த்தார். கண்ணை மூடினார். ‘ஊம்’ என்றார்.

“ரஜ்ஜு தட்டுது. ஒரு மண்டலம் சைக்கிளைத் தொடக்கூடாது. கிராங்கு எம் பூசையில இருக்கட்டும்.”

“ஞாயித்துக்கெழம பந்தயம் சாமி!” ரேஷ்மி குறுக்கிட்டாள்.

“பந்தயமா, உசுரா?”

சுயம்புலிங்கம் கிராங்கை நீட்டிவிட்டார். ரேஷ்மிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

தோஷத்தைக் கண்ணால் காட்டுகிறேன் என்று சாமி அவள் உருட்டிவந்த சைக்கிளைச் சாய்த்து, பழைய கிராங்கைக் கழற்றினார். பழைய பி.பி.யை வலது பக்கம் பிடித்திருக்கும் திருகு மூடியான கப்பில் ஸ்பானரை மாட்டி, வலை இழுக்கிற ஜெபமணியை அழைத்தார். அவர் எல்லாத் திருகாணியையும் திறப்பதுபோல இடப்பக்கமாக முக்கினார். நரம்பு புடைத்தது, கப்பு அசையவில்லை. சாமி விபூதியைத் தூவி, மந்திரம் முணுமுணுத்து, “கோயிலச் சுத்துகது மாதிரி வலமாட்டுத் திருப்பணும்” என்று ஒரு தட்டுத் தட்டினார். கழன்றது!

“எம்மா!” என்றது கூட்டம். சாமி மறுபடி இறுக்கிவிட்டு ஏப்பம் விட்டார்.

“சாமி, இப்பம் மந்திரம் சொல்லாதீங்க” என்றாள் ரேஷ்மி. கடலை விற்கிற பூங்கனியிடம் ஸ்பானரைக் கொடுத்தாள். “அக்கா, வலமாட்டு ஒரு தட்டுத் தட்டுங்க.”

“எனக்கு மந்திரம் தெரியாதே பிள்ளே.”

“தெரியாண்டாம்.”

பூங்கனி தட்டினாள். கழன்றது.

ரேஷ்மி சைக்கிளைத் திருப்பிப் போட்டாள். “சாமி, இது இடது பக்கத்துக் கப்பு. ஒங்க மந்திரத்தச் சொல்லி, வலமாட்டே திருப்பித் தொறங்க பாப்போம்.”

மந்திரம் வந்தது. வியர்வை வந்தது. கப்பு மட்டும் வரவில்லை, இன்னும் இறுகியது.

“வலது பக்கத்துக் கப்புக்கு மரையே தலைகீழ், அப்பா. ஓட்டும்போது கழலாம இருக்க கம்பெனிக்காரனே அப்பிடி வெட்டுகான். தோஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.” சாமியின் மடியிலிருந்த கிராங்கை எடுத்தாள். அதன் அச்சைப் பையிலிருந்து எடுத்த புது பி.பி.க்குள் விட்டாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. “அச்சு இருபத்திநாலு மில்லிமீட்டர், ஓட்டையும் இருபத்திநாலு. பத்துப் பொருத்தமும் இம்புட்டுதான்.”

பூங்கனி சாமியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஏலே, நீ அருமனை சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிட்டு நின்ன தாணுலிங்கம்லா?”

சாமி எழுந்தார். ஓடப் பார்த்தவரைப் பிடிக்கப் போன ஜெபமணி கொட்டகைக்குப் பின்னால் சாக்கில் இடறி விழுந்தார். சாக்கு அவிழ்ந்தது. கடலில் கரைந்த கிராங்குகள் அத்தனையும் விலைச்சீட்டு ஒட்டி, எண்ணெய் பூசி, விற்பனைக்குத் தயாராக இருந்தன.

“என்னைய மன்னிச்சிரு மக்களே” என்றார் சுயம்புலிங்கம். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரேஷ்மி இரண்டாவதாக வந்தாள். காது வரை சேறு. சீட்டு உறுதி. அப்பா ஓடிவந்து சேற்றோடு கட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னாலேயே ஊரும் ஓடிவந்தது.

“ராசியான கிராங்கு பிள்ளே! எந்த நட்சத்திரத்துல பில்லு போட்ட?”

ரேஷ்மி முகத்துச் சேற்றை வழித்தாள். “ஆறு மாசம் விடியக்காலம் எந்திரிச்சு மிதிச்சேன். அதுக்கு எந்த நட்சத்திரம்னு நீங்களே சொல்லுங்க.”

ஜனங்களே, பி.பி.யின் மரை எந்தப் பக்கம் கழலும் என்று இப்போது கற்றுக்கொண்டீர்கள், சந்தோஷம். எவனாவது ஒரு சிட்டிகை விபூதி தூவினாலே உங்கள் தலையில் ஒரு மரை கழல்கிறதே, அதை முதலில் இறுக்குங்கள்.