ஆரஞ்சு மூடி

பேசிக்கொண்டே வேலை செய்கிறவர்களை நம்பாதீர்கள். நானும் அந்த ஜாதிதான், அதனால் தெரிந்தே சொல்கிறேன்.

எம்.எஸ்சி. நர்சிங் முடித்து, நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பிரிவில் 'கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்'டாகச் சேர்ந்த புதிது. சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையில் பதவி ஒரு வரியில் அடங்காமல் இரண்டு வரி ஆனது. அதைக் கழற்றாமலே பஸ்ஸில் வீட்டுக்குப் போவேன். (நாலு பேர் படிக்க வேண்டாமா?) "நர்சுல என்ன அம்மிணி ஸ்பெஷலு, தோசையாட்ட?" என்று மாமியார் கேட்டார். அரை மணி நேரம் விளக்கினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

வீட்டிலேயே இன்சுலின் போட, நோயாளியின் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அப்படி வந்தவர்தான் பாவாயி அக்கா. அவர் வீட்டுக்காரர் ராமசாமி அண்ணனுக்குக் கால் கட்டைவிரலில் ஆறாத புண். சர்க்கரை இறங்கினால் விரல் தப்பும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாவாயி அக்கா கோழிப்பண்ணையில் தடுப்பூசி போடுகிறவர். ஒரே காலையில் ஒரு கொட்டகைக் கோழிகளுக்குக் குத்தி முடிக்கிற கை. அது எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்? நான்பாட்டுக்கு ஒரு குட்டித் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, எல்கேஜி பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, "இதுதாங்க்கா ஊசி. குத்துனா வலிக்கும்" என்று ஆரம்பித்தேன். (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

வாய் ஓடிக்கொண்டிருக்க, கை தானாக அலமாரியிலிருந்து ஒரு சிரிஞ்சுப் பெட்டியை எடுத்து நீட்டியது. "இருபதாம் கோடு வரைக்கும் இழுத்துப் போடுங்க" என்றேன்.

அவர் மருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, இந்த நெம்பரு..."

"கேள்வியெல்லாம் கடைசியில கேளுங்க்கா."

கடைசி வந்தது. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து வந்தார்கள். சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பாவாயி அக்காவைப் பார்த்தேன். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன குடுத்தீங்க? மாம்பழமா, போண்டாவா?" என்றேன்.

"ஒண்ணும் குடுக்கலீங்க."

"பொய் சொல்லாதீங்க. அண்ணனுக்கு விரல் போச்சுன்னா, அது உங்க கையாலதான்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருசனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். அடுத்த நோயாளியிடம் நான், "இப்படிக் கண்டிச்சாத்தான் கேப்பாங்க" என்று வேறு சொன்னேன்.

மறுநாள் காலை, என் அறை வாசலில் பாவாயி அக்கா. கைக்குட்டையை விரித்து பாட்டிலையும் சிரிஞ்சையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பண்ணையில கோழி சீக்காச்சுன்னா, மொதல்ல பாட்டிலையும் ஊசியையும் எடுத்து வெச்சுப் பாப்போமுங்க. அப்பறந்தான் ஆளை வையறது. இதுல நாப்பதுன்னு போட்டிருக்குது, அதுல நூறுன்னு போட்டிருக்குது. ரெண்டும் சேருமுங்களா?"

சேராது. ஒரு மில்லியில் நாற்பது யூனிட் மருந்து இருக்கும் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, நூறு யூனிட் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி. நர்சிங் படிப்பின் பால பாடம் இது. அண்ணனின் பாட்டில் நாற்பது, நான் கொடுத்தது ஆரஞ்சு. அதில் இருபது கோடு இழுத்தால் உள்ளே போவது இருபது அல்ல, எட்டு யூனிட்தான். மனுசன் ஒரு வாரமாகப் பாதி மருந்துகூட இல்லாமல் இருந்திருக்கிறார்.  ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அன்றைக்கே அண்ணனை அட்மிட் செய்தார்கள். சர்க்கரை இறங்கியது, விரலும் தப்பியது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

அவரை அட்மிட் செய்த கையோடு பாவாயி அக்காவை மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிக் கூட்டிப்போய், "மன்னிச்சுருங்க்கா" என்றேன்.

"வையறப்ப வரிசையே கேட்டுச்சுங்க அம்மிணி. இப்ப மட்டும் ஏன் படிக்கு அடியில நிக்கறீங்க?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது. போய் வரிசைக்கு முன்னால் நின்றேன். "நேத்து இந்த அக்காவைத் தப்பாப் பேசிட்டேன். தப்பு என்னுது. சிரிஞ்சை மாத்திக் குடுத்தது நான்தான்" என்றேன். வாழ்க்கையிலேயே நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

 பிறகு ஒரு பெரியவர் மஞ்சப்பையிலிருந்து தன் பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்து நீட்டினார். எனக்கு இல்லை. "பாவாயி, என்னுதையும் ஒருக்கா பாத்துச் சொல்லு சாமி." அவருக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர். பாவாயி அக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்ல, இரண்டு வரிப் பெயர்ப்பட்டையோடு நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் இருந்திருக்கிறார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. மாமியார் தோசை வார்த்துத் தட்டில் போட்டு, "ஸ்பெஷல்" என்றார்.

இப்போதெல்லாம் வருகிறவர்களின் கேள்விகளைக் கேட்டு முடித்த பிறகுதான் வகுப்பைத் தொடங்குகிறேன். வீட்டில்தான் இன்னும் திருந்தவில்லை. போன வாரம் சார்ஜரைக் காணோம். மகளைப் பிடித்து, "உன் கையிலதான் இருந்துச்சு, நீதான் தொலைச்சே" என்று காய்ச்சி எடுத்தேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அம்மா, நாப்பதா நூறா?"

போய் என் கைப்பையைத் திறந்து பார்த்தேன். உள்ளேதான் இருந்தது.