பொன்னி நிறம் மாறிய கதை

பெட்டியைத் திறந்தபோது பொன்னி செத்துக் கிடந்தது. மனைவி அமிர்தம் நாலு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள்.

அழகிரி முதலில் குச்சியால் தொட்டுப் பார்த்தார். பிறகு விரலால் தொட்டார். கொன்றைப்பூ மஞ்சளில் ஆறடிச் சாரைப்பாம்பு, ஈரக் கயிறு போல் கிடந்தது. "பொன்னி" என்று கூப்பிட்டும் பார்த்தார். உயிரோடு இருந்தபோதே கூப்பிட்டால் திரும்பாத ஜீவன் அது.

அழகிரி ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் குடியிருந்தார். வேலை உறையூர்ச் சாயப்பட்டறையில், மேஸ்திரி. நூலைப் பார்த்த மாத்திரத்தில் "இதுல ஒரு பிடி சாயம் கொறைச்சல்" என்று சொல்லிவிடுகிற கண் அவருக்கு. முதலாளியே அந்தக் கண்ணுக்குப் பயப்படுவார்.

பாம்பு அவர் ஆசைப்பட்டு வளர்த்தது அல்ல. மகள் வள்ளிக்கண்ணு வாழைத்தோப்பில் குட்டியாய் எடுத்து வந்து, தவளை போட்டு வளர்த்தது. மற்றப் பெண்கள் சோழி ஆடும் வயதில் அவள் நோட்டும் கையுமாய்த் தோப்புத் தோப்பாக அலைந்தாள். மஞ்சள் சாரை, பச்சைச் சாரை, கருஞ்சாரை என்று பார்த்ததை எல்லாம் வரைந்து நிறம் தீட்டி வைப்பாள். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. எட்டே நாள். ஒன்பது வயசுப் பெண் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அமிர்தம் வாய் திறக்கவில்லை. சோறும் இறங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனவள், நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். நேராகப் பாம்புப் பெட்டியைக் கழுவிச் சுத்தம் செய்தாள். அன்றைக்குத்தான் இலையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாள். பொன்னிதான் அவளைப் பிழைக்க வைத்தது என்று அழகிரி அன்றே முடிவு கட்டிவிட்டார். அந்தப் பாம்பு இருக்கும்வரை அவள் இருப்பாள். அது போனால்? அந்த நினைப்பையே அவர் கிட்டே அண்ட விடுவதில்லை.

இன்னொரு விஷயம், பொன்னி நிறம் மாறும். சட்டை உரித்தால் புது நிறம். வள்ளிக்கண்ணு போன துக்கத்தில் மஞ்சள் வெளுத்துச் சந்தன நிறமாயிற்று. பிறகு பாசிப்பயறுப் பச்சை. அப்புறம் புளியங்கொட்டை. பட்டறை வேலையாய் அவர் மதுரைக்கோ சேலத்துக்கோ போயிருக்கும் நாள் பார்த்தே அது சட்டை உரிக்கும். நிறம் மாறியதும் ஒரு சுற்று இளைத்துவிடும், ஒரு மாதத்துக்கு ஆளை மறந்து அவரையே கடிக்கும். அழகிரி கோபித்துக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சு அசலாக ஒரு நூலுக்குச் சாயம் ஏற்றி, மகளின் நோட்டில் ஒட்டி வைப்பார். வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டி, "இந்த மாதிரி ஒரு ஜாதியை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்பார். யாரும் பார்த்ததில்லை.

போன மாதம்தான் அது பழையபடி கொன்றைப்பூ மஞ்சளுக்குத் திரும்பியது. "பாப்பா வளத்த நெறம் வந்துடுச்சு, பாத்தீங்களா?" என்று அமிர்தம் சிரித்தாள். ஐந்து வருஷத்தில் அவள் பல் தெரியச் சிரித்தது அன்றுதான்.

ஆகவே எந்த நிறத்திலாவது ஒரு பாம்பைப் போட்டுச் சமாளிக்க முடியாது. மஞ்சள்தான் வேண்டும். உப்பிலியபுரத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போனவள் வருவதற்குள் வேண்டும்.

பொன்னியைப் பழைய வேட்டியில் சுற்றி வாழை மரத்தடியில் வைத்துவிட்டு, அழகிரி தோப்புக்காரர் ராசப்பனிடம் ஓடினார்.

"சாரைதானே அண்ணே, என் மோட்டார் ரூம்லயே ஒண்ணு கெடக்கு. கொண்டாந்து தரேன்" என்றார் ராசப்பன். சொன்னபடி அரை மணியில் சாக்கோடு வந்தார்.

சாக்குக்குள் இருந்தது கருஞ்சாரை. அடுப்புக்கரி தோற்றது.

"மஞ்சளா இல்லையேப்பா!"

"பாம்பு கேட்டீங்க, பாம்பு தந்தேன். கலரு உங்க தொழிலு" என்று சொல்லிவிட்டு ராசப்பன் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

அந்தப் பேச்சு அழகிரிக்கு எங்கேயோ போய்ச் சுட்டது. இருபத்தாறு வருஷமாகச் சாயம் போட்ட கைக்கு ஒரு பாம்பு பெரிதா? விரலி மஞ்சளை அரைத்தார். பட்டறைப் பழக்கத்தில் படிகாரம் ஒரு சிட்டிகை சேர்த்தார். ஒட்ட வேண்டுமே என்று நல்லெண்ணெயில் குழைத்தார். தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து வால்வரை மூன்று பூச்சு பூசினார். பூசப்பூச அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நோட்டில் இருந்த நூலோடு ஒப்பிட்டுக்கூடப் பார்த்தார். அரைப் பங்கு சிவப்புத்தான் அதிகம்.

எண்ணெயைத்தான் அவர் யோசிக்கவில்லை. நான்காவது பூச்சுக்குக் கையை மாற்றும்போது பாம்பு வழுக்கிக்கொண்டு போய், சாக்கடைத் துவாரம் வழியாக அடுத்த வீட்டுக் கொல்லையில் இறங்கியது.

அடுத்த வீட்டு வேலம்மாள் ஐந்து வருஷமாகப் பொன்னியை வைது தீர்த்தவள். "பாம்பு வளக்கிற வீட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கிறது என் தலையெழுத்து" என்று தெருவுக்கே கேட்கச் சொல்பவள். அவள் அலறப்போகிறாள் என்று அழகிரி காதைப் பொத்திக்கொண்டார்.

அலறல் வரவில்லை. குலவைச் சத்தம் வந்தது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, அம்மா மஞ்ச பூசிக்கிட்டு வந்திருக்கா! எல்லாரும் வாங்க!"

கால் மணி நேரத்தில் கொல்லை நிறைந்துவிட்டது. ஒருத்தி பால் கொண்டு வந்தாள், ஒருத்தி முட்டை. யாரோ உண்டியலுக்குப் பானை தேடினார்கள். அம்மிக்கல்லைச் சுற்றிக்கொண்டு மஞ்சள் மணக்கப் படுத்திருந்த பாம்பு, ராசப்பன் வீட்டு மோட்டார் ரூமை நினைத்து ஏங்கியிருக்க வேண்டும்.

அழகிரி வேலியைத் தாண்டி வந்து மெல்லச் சொன்னார். "இது சும்மா சாரைதாங்க. விஷமில்ல. நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

"தொடாதீங்க அண்ணே!" என்றாள் வேலம்மாள். "பாம்பு பாஷை தெரிஞ்சவரு நீங்க. உங்க கையாலயே கற்பூரம் காட்டுங்க."

என்னுடையது என்று சொன்னால், பாம்புக்கு எதற்கு மஞ்சள் என்று கேட்பார்கள். பொன்னி எங்கே என்று கேட்பார்கள். அமிர்தம் தெருமுனையில் கால் வைத்த உடனே அவளிடம் சொல்லியும் விடுவார்கள். அழகிரி கற்பூரம் காட்டினார்.

தட்டை மூக்கருகே கொண்டுபோனதும் அம்மனுக்குப் பொறுக்கவில்லை. சீறிக்கொண்டு கிளம்பி, கூரையேறி, ஓட்டு இடுக்கில் புகுந்துகொண்டது. பால் கொட்டியது, முட்டை உடைந்தது. பக்தியெல்லாம் தெருவுக்கு ஓடியது. "அய்யோ, வூட்டுக்குள்ள பாம்பு!" என்று வேலம்மாள் இப்போது பழைய குரலில் அலறினாள்.

ராசப்பன்தான் சைக்கிளில் கொள்ளிடக் கரைக்குப் போய், வயல்களில் எலி பிடிக்கும் மருதையைக் கூட்டி வந்தார். ஒல்லியான கிழவர், தோளில் மூடிபோட்ட கூடை. ஓட்டைப் பிரித்து, பாம்பின் வாலைப் பிடித்து ஒரே இழுப்பில் இறக்கினார். கையில் ஒட்டிய மஞ்சளை முகர்ந்து பார்த்தார். அழகிரியின் விரல்களைப் பார்த்தார். பாம்பைச் சாக்கில் போட்டு ராசப்பனிடம் கொடுத்தார்.

மணி மூன்றே முக்கால்.

அழகிரி மருதையைத் தம் கொல்லைக்கு இழுத்துப் போனார். வாழை மரத்தடியில் இருந்த வேட்டிச் சுருளைப் பிரித்துக் காட்டினார். காலையிலிருந்து ஓடியதில் அழ நேரம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்தது.

"இதே மாதிரி மஞ்சளா ஒண்ணு வேணும் பெரியவரே. இப்பவே வேணும். எம்பொண்ணு வளத்த பாம்பு இது. இது இருக்குன்னுதான் எம்பொஞ்சாதி உசுரோட இருக்கா. நான் எப்படியோ சமாளிச்சுக்குவேன். அவ தாங்க மாட்டா. அவளுக்குத் தெரியவே கூடாது."

மருதை காலியான பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் இருந்த நோட்டைப் பார்த்தார். திறந்து கிடந்த பக்கத்தில் ஐந்து நூல்கள் ஒட்டியிருந்தன.

"இது அமிர்தம் அம்மா வூடுங்களா?"

"ஆமா. உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

மருதை தோளிலிருந்து கூடையை இறக்கி மூடியைத் திறந்தார். உள்ளே கொன்றைப்பூ மஞ்சளில் ஒரு சாரை சுருண்டிருந்தது.

அழகிரி கூடையையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "எப்படிங்க... நான் இன்னும் உங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"போன வாரமே அம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க ஐயா. பாம்பு தீனி எடுக்கல, மஞ்சளா ஒண்ணு பாத்து வையி, ஊருலேருந்து வந்ததும் கரைக்கு வந்து வாங்கிக்கிறேன்னாங்க. இது நான் குடுக்குற அஞ்சாவது."

தெருவில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. நோட்டிலிருந்த நூல்கள் அழகிரியின் கண்ணில் கலங்கி ஒரே நிறமாயின.

மருதை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "'அவரு தாங்க மாட்டாரு, அவருக்குத் தெரியவே கூடாது'ன்னு அவங்களும் இதையேதான் சொல்லி அழுதாங்க. பாப்பா வளத்த பாம்பு, பாப்பாவோட பதினாறாம் நாளே செத்துப் போச்சுங்க ஐயா."